ஊசி இல்லாத ஊசியிலை மரம்: விதையிலிருந்து நிரம்பலி வளர்ப்பது எப்படி?

கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஏல விவசாயி ஒருவருக்கு வண்டிப்பெரியாறு பக்கம் தோட்டம். அங்கே ஓடைக்கரையில் வளர்ந்து நிற்கும் ஒரு மரத்தின் அடியில் கருநீலக் காய்கள் உதிர்ந்து கிடந்தன. 'இது நம்ம மலையிலேயே உள்ள ஒரே ஊசியிலை மரம்' என்று யாரோ சொல்லக் கேட்டவர், ஒரு பை நிறையப் பொறுக்கி வந்தார். எந்த விதைக்கும் அவருடைய அப்பா என்ன செய்வாரோ அதையே செய்தார். கழுவி, மூன்று நாள் களத்தில் காயவைத்து, சாம்பல் புரட்டி, துணிப்பையில் கட்டி, கம்பத்து வீட்டுப் பரணில் வைத்தார். ஆடி பிறந்ததும் பைகளில் ஊன்றினார். புரட்டாசி முடியும்வரை தண்ணீர் ஊற்றியும் ஒன்றுகூட முளைக்கவில்லை.

விதை கெட்டதா, மண் சரியில்லையா, இல்லை மரமே மலடா என்பது அவருடைய கேள்வி. மண்ணின் மீது பழி இல்லை. விதை களத்திலேயே செத்துவிட்டது. மூன்றாவது சந்தேகத்துக்கு மட்டும் இப்போது விடை சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்கும் வழி பின்னால் வருகிறது.

சவுக்குக்கு ஊசி உண்டு, ஆனால்...

மரத்தின் பெயர் நிரம்பலி. நரம்பலி என்றும் சொல்வார்கள். தாவரவியலில் நாகேயா வாலிச்சியானா. பழைய புத்தகங்களில் தேடுகிறவர்கள் போடோகார்பஸ் என்ற பெயரில் பார்க்க வேண்டும்.

ஊசியிலை மரம் என்றதும் கொடைக்கானல் பைன் காடு நினைவுக்கு வரும். நம் மலைகளில் அதிகம் நட்டிருக்கும் பட்டுலா பைன் மெக்சிகோ நாட்டு மரம். வீட்டு முற்றத்தில் அடுக்கடுக்காக நிற்கும் கிறிஸ்துமஸ் மரம் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள தீவுகளிலிருந்து வந்தது. ஊட்டியிலும் குன்னூரிலும் சாலையோரம் நிற்கும் சைப்ரஸும் வந்தேறிதான். கடற்கரையிலும் கொல்லையிலும் நிற்கும் சவுக்கைப் பார்த்தால் ஊசி இருக்கிறது, சிறு கூம்பு போன்ற காயும் இருக்கிறது. ஆனால் சவுக்கு ஊசியிலை மரமே இல்லை. அது பூக்கும் தாவரம். அந்த 'ஊசி' உண்மையில் மெல்லிய பச்சைத் தண்டு.

நிரம்பலி இதற்கு நேர் எதிர். இலை அகலமானது, தடித்தது, பளபளப்பானது, ஒரு சாண் நீளம்கூட இருக்கும். கூட்டிலை இல்லை, முள் இல்லை, ஊசி இல்லவே இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ நாவல் வகை என்று கடந்து போய்விடலாம். ஆனாலும் பைன், தேவதாரு இவற்றின் கூட்டத்தைச் சேர்ந்த மரம் இது. தென்னிந்திய மலைகளில் இயற்கையாக வளரும் ஊசியிலை மரம் இது ஒன்றுதான்.

மேகாலயா, அஸ்ஸாம், மியான்மர், தாய்லாந்து என்று தொடங்கி நியூ கினி தீவு வரை இதே மரம் பரவியிருக்கிறது. அங்கிருந்து வெகுதூரம் விலகி, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி மழைக்காடுகளில் மட்டும் தனியாக ஒரு கூட்டம். தமிழகத்தில் களக்காடு–முண்டந்துறை மலைகள், கேரளத்தில் பெரியாறு மலைகள் இதன் இருப்பிடங்கள். உலக அளவில் இந்த மரம் அழிவின் விளிம்பில் இல்லை. ஆனால் நம் மலையில் அது வெடிப்பலா போலக் கூட்டமாக நிற்பதில்லை. அங்கொன்று இங்கொன்று என்று சிதறித்தான் நிற்கிறது.

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்மரப் பூங்கா பார்த்தவர்களுக்கு ஒரு செய்தி. சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை சொல்லப்படும் அந்தக் கல்மரங்களில் ஊசியிலைக் கூட்டத்தைச் சேர்ந்தவையும் உண்டு. அவற்றில் ஒரு வகையை நிரம்பலியின் குடும்பத்தோடுதான் ஒப்பிட்டிருக்கிறார்கள். சமவெளியில் கல்லாகிப்போன கூட்டத்துக்கு மலைமேல் இன்னும் ஒரு பங்காளி உயிரோடு நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இலையை வெயிலில் பிடித்துப் பாருங்கள்

அடையாளம் காண ஒரு இலை போதும். மா, பலா, நாவல் எதுவானாலும் இலையின் நடுவே தடித்த நரம்பு ஒன்று ஓடும். நிரம்பலி இலையில் நடுநரம்பு கிடையாது. காம்பிலிருந்து நுனிவரை மெல்லிய நரம்புகள் பக்கம் பக்கமாக ஓடும், மூங்கில் இலையில் ஓடுவது போல. வெயிலுக்கு எதிரே பிடித்தால் நன்றாகத் தெரியும். இலைகள் கொம்பில் எதிரெதிராக அமைந்திருக்கும்.

ஏமாற்றக்கூடிய மரம் ஒன்று உண்டு. குன்னூர் சிம்ஸ் பூங்கா போன்ற பழைய பூங்காக்களில் நிற்கும் அகாதிஸ் என்ற ஆஸ்திரேலிய மரத்துக்கும் இதே மாதிரி நடுநரம்பில்லாத அகல இலைதான். காயைப் பார்த்தால் குழப்பம் தீரும். அகாதிஸில் பந்து போன்ற பெரிய கூம்பு உடைந்து, இறக்கை வைத்த விதை பறக்கும். நிரம்பலியில் கூம்பே தெரியாது. சதைப்பற்றான ஒரு காம்பின் நுனியில் உருண்டையாக ஒற்றை விதை, அதன் மேல் ஒரு சதைத்தோல். சுண்டைக்காயைவிடப் பெரியது, நெல்லிக்காயைவிடச் சிறியது. பழுக்கும்போது பச்சை மாறிக் கருமை ஏறும். தாவரவியல்படி இது பழமே அல்ல. ஆனால் பறவைகளுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது, கொத்திக்கொண்டு போகும்.

நர்சரிகளில் 'போடோகார்பஸ்' என்று சொல்லி விற்கும் வேலிச்செடிகள் பெரும்பாலும் சீனா, ஜப்பான் வகை, அல்லது கிழக்கு ஆப்பிரிக்க வகை. நிரம்பலி என்று நினைத்து வாங்கி மலைத்தோட்டத்தில் நட்டுவிட வேண்டாம்.

ஆண் வேறு, பெண் வேறு

பனையில் அலகுப்பனை, பருவப்பனை என்று ஆணும் பெண்ணும் தனித்தனி. ஜாதிக்காயிலும் அப்படித்தான். நிரம்பலியும் அதே ரகம். ஆண் மரத்தில் சிறு கதிர்கள் கொத்தாக வந்து மகரந்தத்தைக் காற்றில் விடும். பெண் மரம் மட்டும் காய்க்கும். தேனீ, வண்டு எதுவும் இடையில் இல்லை. காற்று எட்டும் தூரத்தில் ஆண் மரம் இருந்தால்தான் காயில் பருப்பு.

காடு தொடர்ச்சியாக இருந்தவரை இது ஒரு பிரச்னையே இல்லை. காட்டைத் துண்டு துண்டாக வெட்டித் தேயிலையும் காபியும் ஏலமும் வைத்த பிறகுதான் சிக்கல். ஓடைக்கரையில் ஒரு மரம் தப்பி நிற்கும். அதன் ஜோடி நின்ற இடம் 50 வருடத்துக்கு முன்பே தேயிலைப் பாத்தியாகி இருக்கும். பார்ப்பதற்கு மரம் செழிப்பாகவே இருக்கும். ஆனால் அதற்குச் சந்ததி இல்லை.

மகரந்தம் சேராத காய் பெரும்பாலும் பிஞ்சிலேயே உதிர்ந்துவிடும். சில காய்கள் திரண்டு உருண்டாலும் உள்ளே பருப்பு இருக்காது. ஏல விவசாயியின் 'மரமே மலடா' என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. உதிர்ந்த அன்றே சில விதைகளை அறுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். காய்ந்த பிறகு அறுத்தால் நல்ல பருப்பும் சுருங்கித்தான் இருக்கும். எது பதர், எது செத்தது என்று பிரிப்பது கடினம்.

விதை யாருடையது?

வேலையை ஆரம்பிக்கும் முன் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். களக்காடு–முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். பெரியாறும் புலிகள் காப்பகம்தான். சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் விதை பொறுக்குவது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 'கீழே கிடந்ததைத்தானே எடுத்தேன்' என்ற வாதம் செல்லாது. காப்புக்காட்டிலும் வனத்துறை அனுமதி வேண்டும்.

சொந்தப் பட்டா நிலத்தில் மரம் நின்றால் கவலை இல்லை. குத்தகை நிலமானால் கேட்டுவிட்டு எடுப்பது நல்லது. மரமே இல்லாதவர்கள் மழைக்காட்டு மர நாற்றுகளில் அனுபவம் உள்ளவர்களை அணுகலாம். வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பு 20 வருடங்களுக்கு மேலாக எஸ்டேட் நிலத்தில் சிதைந்த சோலைகளை மீட்டெடுத்து வருகிறது. உள்ளூர் மரங்களுக்கென்றே நாற்றங்கால் வைத்திருக்கிறது. கோயம்புத்தூரில் வன மரபியல் நிறுவனமும், கேரளத்தில் பீச்சியில் வன ஆராய்ச்சி நிறுவனமும், பாலோட்டில் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவும் இருக்கின்றன. விதையோ நாற்றோ கையில் இருக்கிறதா என்பதை அவர்களிடமே விசாரிக்க வேண்டும். பருவத்துக்கு முன்பே கேட்டு வைத்தால்தான் கிடைக்கும்.

மொத்தக் காயையும் அள்ளிக்கொண்டு வருவதும் சரியில்லை. பறவைக்கும் அணிலுக்கும் மண்ணுக்கும் பெரும்பங்கை விட்டுவிட்டுத் தேவையானதை மட்டும் எடுங்கள். ஒரே தாய்மரத்தில் 50 விதை எடுப்பதைவிட, ஐந்து மரத்தில் பத்துப் பத்தாக எடுப்பது மேல்.

நெல்லைப் போல நினைக்காதீர்கள், ஜாதிக்காயைப் போல நினையுங்கள்

நெல் விதையைக் காயவைத்து ஈரப்பதத்தை 12, 13 சதவிகிதத்துக்குக் கொண்டுவந்தால் அடுத்த பட்டம் வரை தூங்கும். விதை என்றாலே காயவைக்க வேண்டும் என்ற பழக்கம் அங்கிருந்து வந்தது. எல்லா விதைக்கும் அது பொருந்தாது. பலாக்கொட்டை காய்ந்தால் முளைக்காது. ஜாதிக்காய் காய்ந்து ஓட்டுக்குள் கடகடவென ஆடினால் கடைக்குத்தான் போகலாம், நாற்றங்காலுக்குப் போகாது. கோகோவும் ரப்பரும் அப்படியே. வருடம் முழுக்க ஈரமாக இருக்கும் காட்டில் பிறந்த விதைக்குத் தூங்கக் காத்திருக்கும் பழக்கம் கிடையாது. விழுந்தால் முளைக்க வேண்டும், இல்லையென்றால் சாக வேண்டும். நிரம்பலி குடும்பத்தின் சதைப்பற்றுள்ள விதைகள் பலவும் இந்த இனம்தான்.

அதனால் ஆடிப்பட்டம், தைப்பட்டம் எதுவும் இங்கே செல்லாது. மரம் எந்த வாரம் காய் உதிர்க்கிறதோ அதுதான் பட்டம். மாதத்தை எழுதி வைத்துக்கொண்டு காத்திருப்பதைவிட, காய் கருக்க ஆரம்பித்ததும் இரண்டு நாளைக்கு ஒருமுறை மரத்தடியைப் பார்த்துவரச் சொல்லி ஒரு ஆளிடம் சொல்லி வைப்பது நல்லது. நாற்றங்கால் தயாராக இருக்க வேண்டும், விதை பிறகு வர வேண்டும். விதையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பைக்கு மண் தேடப் போனால் பாதி உயிர் போய்விடும்.

தூக்கி வரும்போது பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் வெந்து புளித்துவிடும். ஈரப்பாசியோ ஈரச் சாக்கோ சுற்றி, வாழை மட்டையில் கட்டிக் கூடையில் கொண்டுவரலாம். ஜீப்பின் பின்பக்கம் வெயிலில் வைத்துக்கொண்டு மலையிறங்கக் கூடாது. கம்பம் வெயிலுக்குக் கொண்டுபோகவே வேண்டாம். நாற்றங்காலைத் தோட்டத்திலேயே போடுவது நல்லது.

அறுத்துப் பார்க்க ஒரு பத்து

முதல் வேலை, பத்து விதையைத் தனியே எடுத்துக் கத்தியால் நடுவில் அறுப்பது. உள்ளே வெள்ளையாக, ஓடு நிறையப் பருப்பு இருந்தால் நல்ல விதை. வெற்றாகவோ, பஞ்சு போலவோ, புழு துளைத்தோ இருந்தால் பதர். பத்தில் ஆறேழு நல்லதாக இருந்தால் மற்றதை நம்பி ஊன்றலாம். பத்தும் பதரானால் அந்த மரத்துக்குப் பக்கத்தில் ஆண் இல்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

மற்ற விதைகளைத் தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து, மணலோடு சேர்த்துக் கையால் தேய்த்தால் மேல் சதை கழன்றுவிடும். சதையோடு ஊன்றினால் பூஞ்சணமும் எறும்பும் வரும். சதை கழன்ற விதையைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதை ஒதுக்கிவிட்டு மூழ்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் நேர்த்தி எதுவும் வேண்டாம். சுபாபுலுக்கும் வேலத்துக்கும் செய்வது போல வெந்நீர் ஊற்றுவது, ஓட்டைத் தட்டி உடைப்பது, அமிலத்தில் போடுவது எல்லாம் இந்த விதையைக் கொல்லும் வேலை. அன்றே, அல்லது மறுநாள் ஊன்றிவிட வேண்டும். தவிர்க்க முடியாமல் தள்ளிப்போனால் ஈர மணலில் புதைத்து நிழலில் வையுங்கள். அதுவும் சில நாளுக்குத்தான்.

நூறு விதைக்குக் கீழே என்றால் மேட்டுப்பாத்தி போட வேண்டியதில்லை. நேராகப் பையில் ஒன்று என்று ஊன்றுவது நல்லது. பிடுங்கி நடும்போது ஆணிவேர் ஒடியும் பிரச்னை இருக்காது. ஏல நாற்றுப் பையைவிட ஆழமான பை வேண்டும். ஒரு அடி ஆழம் இருந்தால் இரண்டு வருடத்துக்குத் தாங்கும். விதையின் தடிமன் அளவுக்கே மண் மூடினால் போதும். மேலே காய்ந்த இலையைப் பொடித்து மெல்லிய மூடாக்கு.

தாய்மண் ஒரு பிடி

பைக் கலவையில் இரண்டு பங்கு மலை மேல்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மட்கிய தொழுவுரம். இதோடு சேர்க்க வேண்டிய ஒரு பொருளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. விதை எடுத்த மரத்தின் அடியில், இலைச்சருகை விலக்கினால் கிடைக்கும் கருமண். பைக்கு ஒரு பிடி போதும்.

இந்த மரத்தின் வேர் தனியாக வாழ்வதில்லை. வேருக்குள் குடியிருக்கும் பூஞ்சைகள் மண்ணிலிருந்து மணிச்சத்தை எடுத்துக் கொடுக்கும். பதிலுக்கு மரம் சர்க்கரை கொடுக்கும். விவசாயிகள் வேம் என்ற பெயரில் வாங்கிப் போடும் உயிர் உரமும் இதே வகைப் பூஞ்சைதான். கடையில் வாங்கிய வேம் போட்டாலும் கெடுதல் இல்லை. ஆனால் அந்த மரத்தடியில் ஏற்கெனவே குடியிருக்கும் கூட்டம் அந்த மண்ணில்தான் இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பையை மாற்றும்போது வேரைப் பார்த்தால், சிறு மணிகள் கோத்தது போல வரிசையாக முடிச்சுகள் இருக்கும். தக்காளியிலும் ஏலத்திலும் வேர்முடிச்சு நூற்புழுவைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அது நூற்புழு தாக்குதல் என்றே தோன்றும். நிரம்பலி குடும்பத்து மரங்களுக்கு அந்த முடிச்சு பிறவியிலேயே உண்டு. அந்தப் பூஞ்சைகள் தங்கும் அறை அது. நூற்புழு முடிச்சு கோணல்மாணலாக, அளவு மாறி மாறி வீங்கியிருக்கும். இது ஒரே அளவில் ஒழுங்காக இருக்கும். பயந்துபோய்க் குருணை மருந்தைப் போட்டோ, செடியைப் பிடுங்கி எறிந்தோ விடாதீர்கள். ஏலத்தில் அழுகலுக்கு ஊற்றும் காப்பர் மருந்தையும் பழக்கதோஷத்தில் இந்தப் பைகளுக்கும் சேர்த்து ஊற்றிவிடக் கூடாது. நாற்றழுகல் வராமலிருக்க டிரைக்கோடெர்மா விரிடியைத் தொழுவுரத்தில் கலந்து வைத்தால் போதும். தண்ணீரைக் குறைத்துக் காற்றோட்டம் கொடுத்தாலே பாதி நோய் வராது.

காத்திருக்கும் மாதங்கள்

இந்தக் குடும்பத்து விதைகள் அவசரப்படுவதில்லை. ஒரு மாதத்தில் சில முளைக்கலாம், சில நான்கைந்து மாதம்கூட எடுத்துக்கொள்ளும். ஒரே நாளில் ஊன்றிய விதைகள் ஒரே நாளில் முளைக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். 40-வது நாள் பைகளைக் கொட்டிப் பார்ப்பவர்கள், முளைத்துக்கொண்டிருக்கும் விதையையும் சேர்த்துக் கொன்றுவிடுவார்கள். பை ஈரம் காயாமலும், சேறாகாமலும் இருக்க வேண்டும். பூவாளியால் தெளித்தால் போதும்.

எலிதான் முதல் எதிரி. பருப்பு நிறைந்த விதையை மோப்பம் பிடித்து ஒரே இரவில் வரிசையாகத் தோண்டிவிடும். பைகளைத் தரையில் அடுக்கிக் கம்பிவலைக் கூடு போட்டு மூடுவது ஒன்றே நம்பகமான வழி. மருந்து வைத்தால் ஆந்தையும் சேர்ந்து சாகும்.

மழைக்காட்டின் தரைக்கு வெயில் எட்டாது. இந்த மரத்தின் கன்று பிறக்கும் இடமும் அதுதான். 50 முதல் 75 சதவிகித நிழல்வலைக்குக் கீழே வைக்கலாம். வலை இல்லாதவர்களுக்கு ஏலத்தோட்டத்து மரநிழலே போதும். இலை வெளுத்து மஞ்சளடித்தால் வெயில் கூடுதல் என்று அர்த்தம். முதல் வருடம் கன்று ஒரு சாண் வந்தால் திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டும். யூரியா கரைத்து ஊற்றி வேகப்படுத்த நினைப்பது வீண்.

தண்டு வெட்டி வைத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். இந்தக் குடும்பத்து மரங்கள் தண்டிலும் வேர் விடும். ஆனால் ஒரு பெண் மரத்தில் வெட்டிய நூறு தண்டும் அதே பெண் மரம்தான். பக்கக்கிளையில் எடுத்த தண்டு நிமிராமல் பக்கவாட்டில் படர்வதும் உண்டு. காடு வேண்டுமானால் விதை வேண்டும்.

களைவெட்டும் அரிவாள்

நாற்றங்கால் எல்லாம் போடுவதற்கு முன் சொந்த மரத்தடியை ஒருமுறை குனிந்து பார்ப்பது நல்லது. மரம் காய்த்து, பக்கத்தில் ஆண் மரமும் இருந்தால், அங்கேயே கன்றுகள் முளைத்திருக்கும். வருடத்தில் இரண்டு மூன்று முறை களைவெட்டும்போது காட்டுச்செடி என்று அவை அரிவாளுக்குப் போய்விடும். களை எடுக்கும் ஆட்களுக்கு அந்த நடுநரம்பில்லாத இலையை ஒருமுறை காட்டுங்கள். கன்றுக்குப் பக்கத்தில் வர்ணம் அடித்த ஒரு குச்சி நட்டுவிடுங்கள். செலவே இல்லாத வழி இது. நாற்றங்காலில் வளர்வதைவிட இந்தக் கன்றுகள் வலுவாகவே வரும்.

நடுவதற்கு வரும்போது கன்று ஒன்றரை, இரண்டு அடியாவது இருக்கட்டும். இரண்டு வருடம் அதற்குப் பிடிக்கும். தென்மேற்குப் பருவமழை தொடங்கி மண் நன்றாக நனைந்த பிறகு நடலாம். ஓடைக்கரை, சோலையின் விளிம்பு, காற்று தாக்காத மடிப்பு இவையே ஏற்ற இடங்கள். திறந்த புல்வெளியில் நடக் கூடாது. முதல் சில வருடம் சுற்றியுள்ள நிழலை வைத்துக்கொண்டு, கன்று உயர உயர மேல்நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கவாத்து செய்யலாம்.

எத்தனை நடுவது? ஆணும் பெண்ணும் சரிபாதியாகப் பிறக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு கன்று நட்டால், இரண்டும் ஒரே பாலாகிவிட பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஐந்து நட்டால் அந்த ஆபத்து 16-ல் 1. ஏழு நட்டால் 64-ல் 1. எது ஆண், எது பெண் என்று கன்றில் தெரியாது. பல வருடம் கழித்துக் கதிரோ காயோ வந்தால்தான் தெரியும். எனவே வரிசையாக வேலியோரம் ஒன்றொன்றாக நடுவதைவிட, ஓரிடத்தில் ஏழெட்டைக் கூட்டமாக நடுவதே புத்திசாலித்தனம்.

காசு வருமா?

வராது. சில்வர் ஓக்கைப் போல 20 வருடத்தில் வெட்டி விற்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இது மெதுவாக வளரும் மரம். தமிழகத்தில் அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் மரம் வெட்ட 1955-ம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியும் வேண்டும். மிளகுக் கொடி ஏற்ற ஒரு தாங்கு மரம் தேவை என்றால் அதற்கு வேறு மரங்கள் உண்டு. ஓடைக்கரை மண்ணைப் பிடித்து வைக்கும் மரம், பறவை வரும் மரம், மேல்நிழல் தரும் மரம் என்று பலவகை மரங்களுக்கு நடுவே இதற்கும் இடம் கொடுக்கலாம். அவ்வளவுதான் கணக்கு.

சமவெளியில் வளருமா என்றும் கேள்வி வரும். நிரம்பலி சுமார் 900 மீட்டருக்கு மேல், மழையும் மூடுபனியும் உள்ள இடத்து மரம். மதுரையிலோ தஞ்சாவூரிலோ நிழலில் தொட்டியில் வைத்துக் காப்பாற்றிப் பெருமைப்படலாம். விதை அரிதாகக் கிடைக்கும்போது அதை அங்கே செலவழிப்பது வீண்.

தேவை இருக்கும் இடம் வேறு. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருடக் குத்தகையில் எடுத்து உருவாக்கிய மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்களின் குத்தகை 2028-ல் முடிகிறது. தலைமுறைகளாக அங்கே உழைத்த மக்களின் நிலை என்ன என்பது ஒரு பெரிய கேள்வி. அதற்கு மரம் நடுவது பதில் ஆகாது. ஆனால் தேயிலை இருந்த சரிவுகளில் காடு திரும்ப வேண்டுமென்றால், அந்த மலையின் மரக்கன்றுகள் கையில் இருக்க வேண்டும். வேகமாக வளரும் நாலைந்து இனங்களை எந்த நர்சரியும் ஆறு மாதத்தில் லட்சக்கணக்கில் கொடுத்துவிடும். நிரம்பலியைப் போன்றவற்றுக்கு இன்றைக்கு விதை ஊன்றினால் இரண்டு வருடம் கழித்துத்தான் கன்று.

கம்பத்து விவசாயி அடுத்த முறை செய்ய வேண்டியது இது. இப்போதே 60 பைகளில் மண் நிரப்பி, அந்த மரத்தடிக் கருமண்ணைக் கலந்து, தோட்டத்திலேயே நிழலில் அடுக்கி வைத்துவிட வேண்டும். காய் கருத்து உதிரும் முதல் வாரத்தில், பொறுக்கிய அன்றைக்கே பத்தை அறுத்துப் பார்க்க வேண்டும். பருப்பு இருந்தால் மிச்சத்தை மறுநாளே ஊன்றிவிடலாம். பத்தும் பதராக இருந்தால் அந்தப் பைகளைக் காலியாகவே வைத்துக்கொண்டு, வேறு மரத்து விதைக்கோ கன்றுக்கோ அலைய வேண்டும். ஏழெட்டுக் கன்றாவது கிடைத்தால் அதே ஓடைக்கரையில், அந்த மரத்துக்குக் காற்று வரும் பக்கமாக நடவேண்டும். அவற்றில் ஒன்றிரண்டாவது ஆணாக அமையக்கூடும்.